பூட்டிய படிக்கட்டைத் தப்பும் வழியென்று வரையாதீர்கள்

பொதுக் கட்டடங்களை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும், அவற்றின் வரைபடங்களுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பல மாடிகள் கொண்ட ஒரு பொது அலுவலகக் கட்டடத்தில் தீ ஒத்திகை நடத்தும் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்தவன் நான். கட்டடக் கலையையோ பொறியியலையோ முறையாகப் படித்தவன் அல்லன். எச்சரிக்கை மணி அடித்த பிறகு மனிதர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பதைப் பலமுறை நின்று பார்த்தவன் என்ற ஒரே தகுதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டடத்தின் நடுவில் அகன்ற படிக்கட்டு ஒன்றும், பின்சுவரை ஒட்டி இரும்பாலான அவசரப் படிக்கட்டு ஒன்றும் இருந்தன. முதல் ஒத்திகையின்போது, ஐந்தாம் மாடியில் அவசரக் கதவுக்குப் பத்தடி தூரத்தில் அமர்ந்திருந்தவர்கள்கூட அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீண்ட நடைவழியைக் கடந்து, காலையில் ஏறி வந்த படிக்கட்டுக்கே போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் அவசரக் கதவைத் திறக்கப் பார்த்தார். அது பூட்டியிருந்தது. சாவி தரைத்தளக் காவலரிடம் இருந்தது. அவரோ விதிமுறைப்படி, மணி கேட்டதும் முதல் ஆளாக வெளியேறி, கூடுமிடத்தில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தார்.

அன்று சிரித்தோம். பின்னர் யோசித்துப் பார்க்கையில், அந்தக் காவலர் மீதோ ஊழியர்கள் மீதோ எனக்குக் குறையேதும் தோன்றவில்லை. எவரும் அன்றாடம் கால் வைக்காத ஒரு படிக்கட்டை ஆபத்து வேளையில் மட்டும் அனைவரும் நினைவில் கொள்வார்கள் என்று நம்பியது வரைபடம்தான். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதி தீப்பற்றி 100 பேர் இறந்தபோதும், வேறு வாயில்கள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாயிலை நோக்கியே ஓடினர். அங்கே ஏற்பட்ட நெரிசலில் வழியே அடைபட்டுப்போனது. பழகிய வழியைக் கால் தானாகத் தேடும். ஆகவே நான் உங்கள்முன் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: தீயின்போது பயன்பட வேண்டிய படிக்கட்டு, மற்ற நாள்களிலும் மக்கள் ஏறி இறங்கும் படிக்கட்டாக இருக்கும்படி கட்டடத்தை வரையுங்கள்.

வெளிச்சுவரில் தொங்கும் இரும்புப் படிக்கட்டின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டனர். அந்தப் பத்து மாடிக் கட்டடத்தின் அளவுக்கு மூன்று படிக்கட்டுகள் தேவைப்பட்டன. உள்ளே இரண்டுதான் இருந்தன. வெளியிலுள்ள இரும்புப் படிக்கட்டையே மூன்றாவதாகக் கொள்ளலாம் என்று கட்டடக் கலைஞர் தரப்பில் வாதிட்டு, கட்டடமும் எழும்பிவிட்டது. தீப்பிடித்த அன்று அந்த மூன்றாவது படிக்கட்டு ஆட்களின் பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. ஒன்பதாம் மாடியில் உள்ளிருந்த ஒரு படிக்கட்டைத் தீ மறித்தது. மற்றொன்றின் கதவு பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் பொருள்களைத் திருடிச் சென்றுவிடக் கூடாதே என்ற எச்சரிக்கையால் போட்ட பூட்டு அது. ஓர் ஒப்புதல் கடிதத்தில் மூன்று என்று எண்ணப்பட்ட வழிகள், தேவைப்பட்ட நேரத்தில் எத்தனையாக மிஞ்சின என்பதை, அடுத்த வரைபடத்தில் கையொப்பமிடும்போது நினைத்துப் பாருங்கள்.

இரும்புப் படிக்கட்டின் பலவீனம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. படிகளுக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசலாம்; சுவருக்குள் புதைந்திருக்கும் ஆணிக்கும் தாங்கிக்கும் எவரும் பூசுவதில்லை. மழைநீர் அங்கேதான் இறங்குகிறது, துரு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாஸ்டன் நகரில் 1975ஆம் ஆண்டு, தீயணைப்பு வீரர் ஒருவர் மீட்பில் ஈடுபட்டிருந்த நேரத்திலேயே அத்தகைய படிக்கட்டு பெயர்ந்து விழுந்ததில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அவரோடு விழுந்த குழந்தை பிழைத்தது. இரும்பு உறுதியாகவே இருந்தாலும், அது பெரும்பாலும் சன்னல்களைக் கடந்தே இறங்குகிறது என்பதால், மூன்றாம் மாடிச் சன்னலில் தீ வெளிவந்தால் நான்காம் மாடிக்காரருக்கு அந்தப் படிக்கட்டு இல்லாததற்குச் சமம். பழைய கட்டடங்களில் இவை இருந்தே தீர வேண்டுமானால், சுவரில் பிடித்திருக்கும் இடங்களைத் திறந்து பார்த்து, பாரம் ஏற்றிச் சோதிப்பதைக் கட்டாயமாக்குங்கள். புதிய கட்டடத்தில் இவற்றைத் தப்பும் வழியாகக் கணக்கிடவே வேண்டாம்.

கட்டடத்துக்குள், தீயைத் தாங்கும் சுவர்கள் சூழ அமைந்த படிக்கட்டே நம்பத்தக்கது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: புகை உள்ளே வரக் கூடாது. தீ விபத்துகளில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சுடரைவிடப் புகையே. கதவு திறந்துகிடக்கும் படிக்கட்டுக் கூடு ஒரு புகைபோக்கிதான். கீழே பற்றிய தீயின் சூடான புகையை அது மேல்மாடிகளுக்கு உறிஞ்சிக்கொண்டு போகும். இதனால்தான் ஒவ்வொரு மாடியிலும் தீத்தடுப்புக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று விதிக்கிறீர்கள். ஆனால் எங்கள் நான்காம் மாடிக் கதவின் அடியில் எப்போதும் ஒரு துண்டு அட்டை நான்காக மடித்துச் செருகப்பட்டிருக்கும். நான் எடுத்துப் போடுவேன். மாலைக்குள் புதிய அட்டை வந்துவிடும். அட்டையை வைத்தவர் அலட்சியக்காரர் அல்லர். இரு கைகளிலும் கோப்புக்கட்டுகளோடு நாளுக்கு முப்பது முறை அந்தக் கனத்த கதவைத் தோளால் தள்ளித் தள்ளி அலுத்துப்போனவர்.

அந்த அட்டைக்கு வடிவமைப்பில் தீர்வு இருக்கிறது. மின்காந்தப் பிடியால் கதவைத் திறந்தே வைத்து, மணி அடித்ததும் பிடி விலகிக் கதவு தானே மூடும்படி செய்வது பழைய தொழில்நுட்பம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான சண்டையை அது முடித்துவைக்கிறது. உயரமான கட்டடங்களில் விசிறிகள் கொண்டு படிக்கட்டுக்குள் காற்றழுத்தத்தை உயர்த்திப் புகையை வெளியே நிறுத்துவதும் அப்படியே. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். சுமார் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு புகையைத் தடுக்கும். ஆனால் அதே அழுத்தம் கதவையும் அழுத்திப் பிடிக்கும். கதவைத் திறக்கத் தேவைப்படும் விசை 100 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை. விசிறிகளைச் சோதிக்கும்போது அளவுமானியில் எண்ணைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், முதியவர் ஒருவரால் அந்தக் கதவைத் திறக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பூட்டு விவகாரத்துக்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் நான் கண்டவற்றுள் இதுவே மிகப் பிடிவாதமான நோய். இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் 1883ஆம் ஆண்டு, விக்டோரியா அரங்கின் படிக்கட்டில் 183 குழந்தைகள் நசுங்கி இறந்தனர். அங்கே தீ கூட இல்லை. பரிசு வாங்கக் கீழே ஓடிவந்த குழந்தைகள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழையும் அளவுக்குத் திறந்து தாழிடப்பட்டிருந்த கதவின் முன் குவிந்துபோனார்கள். உடல் பட்டு அழுத்தினாலே திறந்துகொள்ளும் தள்ளுகம்பிப் பூட்டு அத்துயரத்தின் தொடர்ச்சியாகவே பிறந்தது. ஆனாலும் 1942ஆம் ஆண்டு பாஸ்டனின் கோக்கனட் குரோவ் இரவு விடுதியில் 492 பேர் இறந்தபோது, முன்வாயிலின் சுழல்கதவு ஆட்களால் அடைபட்டிருந்தது. பக்கக் கதவுகளில் சில பூட்டியிருந்தன.

திருட்டுப் பயம் நியாயமானதுதான். நூலகம், அருங்காட்சியகம், மருத்துவமனை ஆகியவற்றை நிர்வகிப்பவர்கள் அதைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் அதற்கான விடை சங்கிலி அன்று. கம்பியைத் தள்ளியதும் உரக்க ஒலி எழுப்பி, 15 விநாடிகளுக்குப் பின் திறக்கும் கதவுகளும், தீ மணி அடித்தால் அந்தத் தாமதமும் இன்றி உடனே விடுபடும் பூட்டுகளும் உள்ளன. இவற்றுக்கு வரைபடத்திலேயே இடம் தராவிட்டால், கட்டடம் திறந்த மறுமாதமே நிர்வாகம் கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்துவிடும். அந்தப் பூட்டில் வடிவமைத்தவருக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இரண்டு படிக்கட்டுகள் என்று விதி சொன்னால், அவை ஒன்றுக்கொன்று விலகியிருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மூன்று படிக்கட்டுகளும் நடுக்கூட்டிலேயே நெருங்கியிருந்ததால், விமானம் மோதிய மாடிகளில் மூன்றும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. அதற்கு மேலே இருந்தவர்களில் ஒருவரும் தப்பவில்லை. லண்டனில் 2017ஆம் ஆண்டு 72 பேரைப் பலிகொண்ட 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில் இருந்தது ஒரே படிக்கட்டு. குடியிருப்போர் இறங்கியதும், தீயணைப்பு வீரர்கள் கருவிகளோடு ஏறியதும் அதே குறுகலான வழியில்தான். இறங்குபவர் ஏறுபவருக்கு ஒதுங்கி வழிவிட முடியாத அகலம், எத்தனை சூத்திரங்களால் நிறுவப்பட்டாலும், போதாத அகலமே.

படிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்கட்டும். இருட்டில் இறங்குபவரின் கால் முதல் மூன்று படிகளிலேயே அளவைக் கற்றுக்கொள்கிறது, நான்காவது படி அரை அங்குலம் மாறினாலும் தடுமாறுகிறது. கைப்பிடி இருபக்கமும் வேண்டும். ஒளியைச் சேமித்து இருளில் மிளிரும் பட்டைகளைப் படி விளிம்புகளில் பதிக்க வேண்டும். படிக்கட்டு நிலவறை வரை நீண்டால், தரைத்தளத்தில் ஒரு தடுப்புக் கதவு இல்லாதபோது, பதற்றத்தில் இறங்குபவர் வெளிவாசலைத் தாண்டி நிலவறைக்குப் போய்விடுவார். ஒத்திகையிலேயே இதைக் கண்டிருக்கிறேன்.

இறங்கவே இயலாதவர்களை எந்தப் படிக்கட்டு காப்பாற்றும் என்ற கேள்வி, பல வரைபடங்களில் ஒரு சிறு சக்கர நாற்காலிக் குறியோடு முடிந்துவிடுகிறது. அதே வடக்குக் கோபுரத்தின் 69ஆம் மாடியில் பணியாற்றிய, கைகால் இயங்காத ஒருவரை, மாடிப்படியில் சறுக்கி இறங்கும் மீட்பு நாற்காலியில் வைத்துச் சக ஊழியர்கள் உயிரோடு கீழே சேர்த்தனர். அதே மையத்தில் 1993ஆம் ஆண்டு நடந்த குண்டுவெடிப்பின்போது பட்ட பாட்டுக்குப் பிறகு வாங்கி வைக்கப்பட்ட நாற்காலி அது. அத்தகைய நாற்காலி திரும்புவதற்கு, படிகள் மடங்கும் மேடையில் இடம் வேண்டும். உதவி வரும்வரை ஒருவர் காத்திருக்க, புகை புகாத காத்திருப்பிடமும், அங்கிருந்து கீழே பேச ஓர் ஒலித்தொடர்பும் வேண்டும். மீட்புக்கெனத் தனி மின்சாரமும் புகைத் தடுப்பும் கொண்டு அமைத்தாலன்றி, லிஃப்டை இதற்கான விடையாகக் காட்டாதீர்கள்.

இறுதியாக, ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளிடம் ஒரு நடைமுறைக் கோரிக்கை. கட்டடம் நிறைவுற்றதும், பயன்பாட்டுச் சான்று தருவதற்கு முன்பு, ஒருநாள் அந்தி சாய்ந்தபின் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, உச்சி மாடியின் மிகத் தொலைவான அறையிலிருந்து, வழிகாட்டி எவருமின்றி நீங்களே கீழே இறங்கி வாருங்கள். வடிவமைத்தவரையும் உடன் அழைத்து வாருங்கள். எத்தனை கதவுகள் தொட்டதும் திறந்தன, எங்கே சுவரைத் தடவினீர்கள், எந்த இடத்தில் எப்பக்கம் திரும்புவதென்று தயங்கினீர்கள் என்பதைக் குறித்துவைத்து, அந்தக் குறிப்பையும் சான்றோடு இணைத்து, எவரும் படிக்கும்படி நுழைவாயிலில் ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தீ ஒத்திகை நடத்திவந்த ஒரு முன்னாள் ஊழியர்