சடைச்சி

வட்டக்கச்சி
கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சின்ன மாமி சனிக்கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறார். தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல், வறுத்த மிளகாய்த்தூள் இரண்டு பை, அதோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லையே. "சுகம் அம்மா, வேலைக்குப் போகிறேன் அம்மா, பிறகு எடுக்கிறேன் அம்மா." கேட்டுக் கேட்டு எனக்கு அது பாடமாகிவிட்டது.

மழை பிடித்துவிட்டது. இரணைமடுக் குளம் நிரம்பிக்கொண்டு வருகிறது, இன்னும் இரண்டு நாள் இப்படிப் பெய்தால் வான்கதவு திறப்பார்கள். மேல் வயல் விதைத்தாயிற்று. கீழ் வயலைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம், வட்டி ஒழுங்காகப் போகிறது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். தலையை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு.

கோழிகளைப் பற்றி எழுதுகிறேன். வைகாசியில் நீ அனுப்பிய காசில், வவுனியாவில் அழகுக்கான பான்சிக் கோழி வளர்க்கும் ஒருவரிடம் போலிஷ் கோழி மூன்று வாங்கினேன் என்று சொன்னேன் அல்லவா, ஒரு சேவலும் இரண்டு பேடும். விலையைச் சொன்னால் ஏசுவாய். (வைகாசிக்குப் பிறகு நீ அனுப்பவில்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை.) உடம்பெல்லாம் நல்ல கறுப்பு, தலையில் மட்டும் வெள்ளை வெளேரென்று இறகுக் கொண்டை. பேடுகளுக்கு அது வெடித்த இலவங்காய் போல உருண்டையாக நிற்கும். சேவலுக்கு ஒடுங்கின நீள இறகுகள், நான்கு பக்கமும் சரிந்து தொங்கும். போலிஷ் என்று பெயர்தானே தவிர அது போலந்துக் கோழி இல்லையாம், ஒல்லாந்தில் வளர்த்தெடுத்த இனமாம். 1600களிலேயே அங்குள்ள ஓவியர்கள் இதைப் படத்தில் கீறியிருக்கிறார்கள் என்று தங்கச்சி போனில் காட்டினாள். முல்லைத்தீவில் கோட்டை கட்டினார்களே, அதே ஒல்லாந்தர்.

வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் அதன் பாடு தெரிந்தது. கொண்டை கண்ணை மறைப்பதால் அதற்கு முன்னால் இருப்பதும் மேலே இருப்பதும் சரியாகத் தெரியாது. பருந்து வட்டமிட்டால் ஊர்க்கோழி எல்லாம் வேலிக்குள் ஓடி ஒளியும், இது மட்டும் நடு வளவில் நின்று மண்ணைக் கிளறும். பேசாமல் பின்னால் போய்த் தொட்டால் வெருண்டு கூட்டில் மோதும். அதனால் நான் படியிறங்கும்போதே "பா... பா..." என்று குரல் கொடுத்துக்கொண்டு போவேன். தண்ணீரைச் சட்டியில் வைத்தால் கொண்டை முழுவதும் நனைந்துவிடும். இப்போது வாய் ஒடுங்கின போத்தலில்தான் வைக்கிறேன். மழைக்கு வெளியே விடவே கூடாது, நனைந்த இறகு கண்ணில் ஒட்டிக் கண்ணும் வீங்கும். கண்ணோரத்து இறகை மாதத்துக்கு ஒரு தடவை சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கி விடுகிறேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்க்கும். பேன் வேறு, கொண்டைக்குள் புகுந்துவிட்டால் லேசில் தெரியாது, விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும்.

புரட்டாசியில் ஒரு பேடு தீனுக்கு வராமல் மூலையிலேயே நின்றது. சளி என்று நினைத்து மூன்று நாள் சும்மா விட்டுவிட்டேன். நாலாம் நாள் மடியில் வைத்துக் கொண்டையை விலக்கினால், அடியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு புண். ஊர்க்கோழிகள் இறகைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொத்தியிருக்கின்றன. இரத்தம் கண்டுவிட்டால் மற்றவை விடாதே. மேலுக்குப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, பூப்போலத்தான் இருந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டு, தனிக் கூட்டில் விட்டேன். இப்போது புண் காய்ந்து, முள் முள்ளாக இறகு முளைக்கிறது. அதன் மண்டை மற்றக் கோழி மாதிரி இல்லை தம்பி, மேலே புடைத்து நிற்கும். குஞ்சாக இருக்கும்போது அதில் எலும்பு மூடியிருக்காதாம், பிறந்த பிள்ளையின் உச்சிக்குழி மாதிரி. அதில் ஒரு கொத்து விழுந்தாலே போதும், குஞ்சு செத்துப்போகும்.

தலையை மூடிக்கொண்டு போ. மாமியிடம் கம்பளித் தொப்பி ஒன்றும் கொடுத்திருக்கிறேன்.

நீ அங்கே போன கொஞ்ச நாளிலேயே கந்தோரில் உனக்காக நீயே பிரெஞ்சில் கதைத்தாய் என்று மாமி சொன்னபோது, கோயிலில் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்பா இருந்திருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். ஆனால் தங்கச்சிக்குக் கம்பஸ் கிடைத்த அன்று நீ எடுக்கவில்லை. அவள் இரவு பதினொரு மணி வரைக்கும் போனைக் கையில் வைத்திருந்தாள். அதை ஏன் செய்தாய்?

பின்வளவு அக்கா ஏதோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

சரி, வாங்கினேன். நீ வேலை செய்த சாப்பாட்டுக் கடை பூட்டி ஐந்து மாதமாம். பகலில் உன்னை ரயில் நிலையத்துப் பக்கம் கண்டதாக அவருடைய மகன் சொன்னானாம். என் பிள்ளை எனக்குப் பொய் சொல்ல மாட்டான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். வந்து கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நெடுநேரம் இருந்தேன். அடுத்த நாள் நீ எடுத்தாய், வேலைக்குப் போகிறேன் அம்மா என்றாய். பின்னால் ரயில் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் இந்தக் கோழிகளை வாங்கினாய் என்று தங்கச்சி கேட்டாள். அழகுக்கு என்றேன். அது உண்மையில்லை. வவுனியாவில் அதன் தலையைக் கண்டதும் எனக்கு உன்னுடைய கொண்டைக்கோழி சடைச்சியின் ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கு எட்டு வயது. 2009 தையில் இங்கிருந்து வெளிக்கிடும்போது மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டு, சடைச்சியைக் கடகத்தில் வைத்துச் சாக்கால் கட்டி அப்பாவின் சைக்கிளில் ஏற்றினாய். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், தேவிபுரம். விசுவமடுவில் அது ஒரு முட்டை இட்டது, அவித்துத் தங்கச்சிக்குத் தீத்தினாய். இரணைப்பாலையில் நாங்கள் பங்கர் வெட்டி இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் விட்டும் எழும்ப முடியவில்லை. வெறும் கஞ்சிதான். தலையை நிமிர்த்தினால் அப்படியே சரிந்துவிடும். நீயும் அப்பாவும் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து நான் சடைச்சியை அறுத்தேன். இறகைப் பனைக்குப் பின்னால் தாட்டேன். கொண்டை இறகு சாம்பலும் வெள்ளையுமாக என் கையில் ஒட்டிக்கொண்டு போகவில்லை, மண்ணைப் போட்டு உரஞ்சினேன்.

ஷெல் சத்தத்துக்கு வெருண்டு ஓடிவிட்டது என்று உனக்குச் சொன்னேன். சாறு எங்கே கிடைத்தது என்று கேட்டாய், ஓர் ஆச்சி தந்தார் என்றேன். நீயும் குடித்தாய். நல்லாயிருக்கிறது அம்மா என்றாய்.

அறுத்ததற்கு நான் வருந்தவில்லை தம்பி. தங்கச்சி எழும்பினாள். அதற்குப் பிறகு நீ இரண்டு நாள் "பா... பா..." என்று கூப்பிட்டுக்கொண்டு பனங்கூடல் முழுக்கத் திரிந்தாயே, அதுதான் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அழுதுவிட்டுப் பங்கருக்குள் இருந்திருப்பாய். வாய் வரவில்லை. உன்னை இழுத்துக்கொண்டு வந்து உள்ளே விடுவேன், திரும்பப் போய்விடுவாய். அப்பாவுக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லாமலே போய்விட்டார். மெனிக் பாம் முகாமிலும் நீ கேட்டாய், அது இப்போது எங்கே நிற்குமோ என்று. குளக்கட்டுப் பக்கம் நிற்கும் என்றேன்.

அம்மா தாங்க மாட்டாள் என்று பொய் சொல்லும் பழக்கம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். என்னிடமிருந்துதான் வந்தது. நீ கோபிக்க வேண்டுமென்றால் கோபி. எழுதி ஏசு. ஆனால் எனக்கு இனிமேல் சுகம் என்று மட்டும் சொல்லாதே. வேலை இல்லையென்றால் இல்லையென்று சொல். இரவில் எங்கே படுக்கிறாய் என்று சொல். காசு வேண்டாம். வட்டிக்கு நான் என்ன செய்கிறேன் என்று நீ உண்மையில் கேட்டால் நானும் சொல்கிறேன், இரண்டு சோடி காப்பு போய்விட்டது, அவ்வளவுதான். மாமி வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமுண்டு, அவரிடம் கதைத்துவிட்டேன். வெட்கப்படாமல் போ. சாப்பிடு.

போலிஷ் பேடுகள் அடை படுக்கவில்லை, அந்த இனமே அப்படித்தானாம். அவற்றின் வெள்ளை முட்டை ஒன்பதை நம் சிவப்பு ஊர்க்கோழிக்கு அடை வைத்தேன். ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் பிடித்துப் பார்த்தேன். ஏழில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது, இரண்டு கூமுட்டை. பொரிக்கும்போதே குஞ்சுகளின் உச்சியில் சின்னப் புடைப்புத் தெரியுமாம். மற்றக் கோழிகள் கிட்டப் போகாமல் வலை அடித்து வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாயோடு 21 நாள். மாமி உன்னைக் காண ஞாயிறு, திங்கள் ஆகிவிடும். செவ்வாய் இரவு எடுத்து எத்தனை பொரித்தது என்று கேள். எத்தனை மணியானாலும் எடு, போனைத் தலைமாட்டில் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா