கசான் மர்ஜானி பள்ளிவாசலின் வரலாற்றைத் தமிழில் அச்சிட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் சார்பில்
இறுதியாண்டு மாணவி ஒருவர்,
கசான், தத்தாரிஸ்தான், ரஷ்யா.

பெறுநர்:
இந்தியத் துணைத் தூதர் அவர்கள்,
இந்தியத் துணைத் தூதரகம், கசான்.

பொருள்: புதிய மாணவர்களுக்கு மர்ஜானி பள்ளிவாசலை அறிமுகப்படுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இங்கே படிக்க வந்ததும் எல்லோரும் கசான் கோட்டையான கிரெம்ளினுக்குப் போவோம். 2005இல் திறந்த குல் ஷரீஃப் பள்ளிவாசல் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். கபான் ஏரிக்கரையில், இங்குள்ள முஸ்லிம் மக்களான தத்தார்களின் பழைய குடியிருப்பில், அதைவிட இருநூறு வருடத்துக்கும் மேல் மூத்த மர்ஜானி பள்ளிவாசல் இருப்பது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது.

1552இல் ரஷ்ய மன்னர் ஜார் இவான் கசானைப் பிடித்த பிறகு இந்த நகரத்தில் கல்லால் எழுந்த முதல் பள்ளிவாசல் அது. 1740களில் கசான் மாகாணத்தில் இருந்த 536 பள்ளிவாசல்களில் 418 இடிக்கப்பட்டன. அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை உயிரோடு இருந்தபோதே, பேரரசி இரண்டாம் கேத்தரீனின் அனுமதியோடு 1766இல் வேலை தொடங்கியது; 1770இல் முடிந்தது. பணம் ஜமாஅத்தார் போட்டது. மினாரா ரொம்ப உயரமாகப் போகிறது என்று சிலர் புகார் கொடுக்க, 'மண்ணில் இடம் கொடுத்தேன். வானம் என் ஆட்சிக்குள் இல்லை' என்று பேரரசி சொன்னதாக இங்குள்ளவர்கள் கதை சொல்வார்கள். 1773இல் எல்லாச் சமயங்களையும் ஏற்கும் ஆணையையும் அவர் பிறப்பித்தார்.

தத்தார் மக்களின் வரலாற்றை எழுதிய ஷிஹாபுத்தீன் மர்ஜானி 1850 முதல் 1889 வரை இங்கே இமாமாக இருந்தார். சோவியத் காலத்தில் நகரத்தின் மற்றப் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தபோது தொழுகை நடந்ததும் இங்கேதான்.

தொழுகைக் கூடம் மாடியில். அண்ணாந்து பார்த்தால் கூரை வளைவு முழுக்கச் சுதையில் பூங்கொடி. நீலம், பச்சை, பொன் நிறம். ரஷ்ய அரண்மனைகளின் வேலைப்பாடும் தத்தார் பூவேலையும் ஒரே கூரையில் கலந்திருக்கின்றன. எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், கீழே இறங்க மனம் வரவில்லை.

எனவே, இந்த வரலாற்றைத் தமிழில் ஒரு சிறு கையேடாக அச்சிட்டு, ஆண்டுதோறும் புதிதாக வரும் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டுகிறோம். மொழிபெயர்ப்பை நாங்களே செய்து தருகிறோம், பணம் எதுவும் வேண்டாம். விவரங்களைப் பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் காட்டிச் சரிபார்க்கத் தாங்கள் உதவினால் போதும். அப்புறம், முக்காடு, காலணி பற்றிய முறைகளையும் அதில் சேர்க்க வேண்டும். தெரியாத தயக்கத்திலேயே பல மாணவிகள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள்.

வருகிற செப்டம்பர் மாணவர்களுக்கே இது கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கசான் தமிழ் மாணவர்கள்