நிலைக்கதவின் கனம்

கானாடுகாத்தான்

அன்புள்ள நண்பா,

ஈப்போவிலிருந்து நீ எழுதிய கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. இங்கே அனைவரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி சற்றுத் தணிந்திருக்கிறது. பேரன் விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போனான். நான் பார்க்காமல் விட்டிருந்த சண்டைப் படங்களையும் அறிவியல் புனைவுப் படங்களையும் அந்த ஒரு மாதத்தில்தான் அவனோடு உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தேன். 'கல்கி 2898' படத்தை நீ வானளாவப் புகழ்ந்திருக்கிறாய். அதில் எனக்கும் பிடித்தவை உண்டு என்றாலும், உன்னோடு முழுதும் ஒத்துப்போக மனம் வரவில்லை. அதற்கான காரணத்தை எங்கள் வீட்டு நிலைக்கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்ற தை மாதம் முகப்பு நிலைக்கதவு சுழலும் முளையான குடுமி தேய்ந்து, கதவு கல்லில் உரசத் தொடங்கியது. ஆசாரி வந்து ஒரு பக்கக் கதவை மட்டும் கழற்ற வேண்டும் என்றார். அது பர்மாத் தேக்கு. ஆறு பேர் சேர்ந்து பிடித்தும் எழும்பவில்லை. கடைசியில் கடப்பாரையால் நெம்பி, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, சாக்கு விரித்த தரையில் சாய்த்தார்கள். அது தரையைத் தொட்டபோது எழுந்த ஓசையைக் கேட்டு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் படுத்திருந்த ஆச்சி எழுந்து ஓடிவந்தாள். அதே வாரம் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு படத்தில், நாயகன் இதே போன்ற கதவைத் தோளால் ஓர் இடி இடித்ததும் அது அப்பளமாக நொறுங்கிப் பறந்தது. அதற்குப் பிறகு வந்த சண்டையில் எதையும் என்னால் நம்ப முடியவில்லை. திரையில் தெரியும் பொருளுக்குக் கனம் இருக்கிறதா, அடி வாங்குகிறவனுக்கு வலிக்கிறதா என்பதைத்தான் அன்றுமுதல் ஒவ்வொரு படத்திலும் தேடுகிறேன்.

இந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்துக்குப் படப்பிடிப்பு புதிதல்ல என்பது உனக்குத் தெரியும். தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். செட்டியார் ஸ்டூடியோ நடத்தி, 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்த காலத்திலிருந்தே இந்த மண்ணுக்கு அது பழக்கம்தான். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெரு வளவு வீடு ஒன்றில் சண்டைக் காட்சி எடுத்தார்கள். மேல்மாடியிலிருந்து ஓர் இளைஞன் முற்றத்தில் விழ வேண்டும். கீழே அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டிருந்தார்கள். காலையிலிருந்து பதினோரு முறை அவன் விழுந்ததை எண்ணினேன். மதியம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டபோது, அவனால் இடது கையை மடக்க முடியவில்லை. படம் வந்தபோது அந்தக் காட்சி இரண்டு நொடிதான் ஓடியது. அந்த இரண்டு நொடியில் மட்டும் திரையரங்கில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

இத்தகைய சண்டைக் கலைஞர்களின் உழைப்புக்கு ஆஸ்கர் விருதில் 2028 முதல் தனிப் பிரிவு வரப்போகிறது என்று படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் தேசிய விருதில் அது முன்பே வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில், மலையாளப் படமான 'புலிமுருக'னுக்காகச் சண்டைப் பயிற்சியாளர் பீட்டர் ஹெய்ன் அதைப் பெற்றார்.

கணினி வரைகலை வந்ததால்தான் கனம் போய்விட்டது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. 2023இல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்' படத்தில் டாம் குரூஸ் நார்வே மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்கிறாரே, அங்கே கட்டிய சறுக்குமேடையைக் கணினியால் மறைத்துப் பாறையாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் பாய்ந்தது அவரேதான். ஒரே நாளில் ஆறு முறை பாய்ந்தாராம்.

முழுக்க முழுக்கக் கணினியில் உருவான ஒன்றுக்கும் கனம் இருக்க முடியும் என்பதை எனக்குக் காட்டியது 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' என்ற ஜப்பானியப் படம். நீ அதைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். கட்டாயம் பார். உலகப் போரில் சாகப் பயந்து, விமானத்தில் பழுது என்று பொய் சொல்லி இறங்கிய ஒரு விமானியின் கதை அது. போர் முடிந்தபின் அவன் கடலில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறான். கண்ணிவெடி இரும்பைக் கண்டுகொள்ளும் என்பதால் அவர்களுக்குக் கொடுக்கப்படுவது ஒரு மரப்படகு. அந்தப் பழைய படகைக் காட்ஜில்லா என்ற ராட்சத மிருகம் துரத்திவரும் காட்சியில், அதன் தலைக்கு முன்னால் நீர் பிளந்து மேடாக எழும்புவதைப் பார்த்தபோது நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு தண்ணீரைத் தள்ளுகிற உடம்பு எவ்வளவு பெரியது என்பதை அந்த நீரே சொல்லிவிடுகிறது. இறுதியில் அதை வீழ்த்தப் போடும் திட்டமும் கனத்தைப் பற்றியதுதான்: சுற்றிலும் வாயுக் குமிழ்களை நிரப்பி, நீர் அதைத் தாங்க முடியாதபடி செய்து, 1,500 மீட்டர் ஆழத்துக்கு இழுத்துவிடுவது. அரசு கைவிட்ட நிலையில், பழைய கடற்படை மாலுமிகள் கூடி உட்கார்ந்து இதைப் பேசுவார்கள். அந்தப் பேச்சே சண்டைக் காட்சிக்குரிய பதற்றத்தைத் தருகிறது. 610 வரைகலைக் காட்சிகளை ஏறக்குறைய 35 பேர் கொண்ட சிறு குழு செய்து, 2024இல் வரைகலைக்கான ஆஸ்கர் வாங்கிவிட்டது. இயக்குநர் தகாஷி யமசாகியே வரைகலைக்கும் பொறுப்பு. இயக்குநர் ஒருவரே இந்த விருதைப் பெறுவது ஸ்டான்லி குப்ரிக்குக்குப் பிறகு இதுவே முதல் முறை.

இனி 'கல்கி'க்கு வருகிறேன். அமிதாப் பச்சன் அசுவத்தாமனாக எழுந்து நிற்கும் இடங்கள் நீ சொன்னது போலவே அருமை. 81 வயதில் அவர் கண்களில் சாபத்தின் களைப்பைக் கொண்டுவந்திருக்கிறார்; யுகயுகமாகச் சாக முடியாமல் வாழ்வது எத்தகைய தண்டனை என்பது அவர் நடையிலேயே தெரிகிறது. ஆனால் மற்ற சண்டைகளில் எல்லோரும் பஞ்சாகப் பறக்கிறார்கள். புஜ்ஜி என்ற வாகனத்தைக் கோயம்புத்தூரில் மெய்யாகவே, சுமார் 6 டன் எடையில் கட்டினார்கள். அந்த 6 டன்னைப் படத்தில் என்னால் உணர முடியவில்லை என்பதே என் வருத்தம். இத்தனை செலவும் உழைப்பும் செய்தவர்கள், அது திரும்பும்போது மண் எப்படிச் சிதறும் என்பதில் இன்னும் சற்று நேரம் நின்றிருக்கலாம்.

அறிவியல் புனைவில் பொருளுக்கு மட்டுமன்றி விதிக்கும் கனம் வேண்டும். 'டியூன்' படங்களில் சீரான காலடி ஓசை பாலைவனத்தின் ராட்சத மணல்புழுவை அழைத்துவிடும் என்று ஒரு விதி. அதனால் எல்லோரும் தாளம் தப்பி நடக்கிறார்கள், படம் முடியும்வரை அதை மறக்கவில்லை. 'மாநாடு' படத்தில் நாயகனைப் போல வில்லனும் அதே காலச் சுழலில் மாட்டிக்கொண்டதும், அதுவரை விளையாட்டாக இருந்த விதி இருவருக்கும் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. 2015இல் ரவிக்குமார் எடுத்த 'இன்று நேற்று நாளை'யை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். கால இயந்திரம் கையில் கிடைத்தால் நம் ஊர்க்காரன் என்ன செய்வான்? காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்ப்பான் என்று எழுதினாரே, அது இந்த மண்ணிலேயே முளைத்த கற்பனை. அவருடைய 'அயலான்' குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை.

'லியோ'வைப் பற்றி நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். காபிக் கடைக் காட்சியில் மகளைக் காப்பாற்ற வேறு வழியின்றிச் சுட்டுக் கொன்றபின் விஜய் உடைந்து அழுவதை மறுபடி பார். கொலைக்குப் பின் அழுகிற நாயகனை நம் சண்டைப் படங்களில் நாம் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்? பிற்பாதியில் அந்த மனிதன் காணாமற்போய்விடுகிறான் என்பது உண்மை. பேரன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்குப் போகும் அன்று காலையிலும் பேருந்து நிலையத்தில் நின்றபடி, "ஐயா, ரெண்டாவது பாதியை இன்னொரு தடவை பாருங்க" என்றான். அவனுக்காகப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

காட்ஜில்லாவை நீ இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பார். மரப்படகுக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு, உனக்குத் தோன்றியதை அப்போதே ஒரு தாளில் எழுதி வை. மற்றதைப் புரட்டாசியில் நீ இங்கு வரும்போது திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். குடுமி மாற்றிய கதவையும் அப்போது நீயே ஒருமுறை தள்ளிப் பார்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்