உக்ரைனியர்களுக்கு மொழியா சிக்கல்?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் குடியேறிய உக்ரைனியர்கள் பற்றிய உங்கள் கட்டுரை மொழிச் சிக்கலையே அதிகம் பேசியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டு சிறிய நகரம்தான். ஆனால் அங்கே, உக்ரைனியர் பலருக்கும் தெரிந்த ரஷ்ய மொழி பேசுவோர் கணிசமாக இருக்கிறார்கள். எனவே மொழியைவிட, அங்கே நிரந்தரமாகத் தங்க முடியுமா என்பதுதான் பெரிய சிக்கல். அமெரிக்காவின் லாட்டன்பெர்க் சட்டத்திருத்தம் (1989) சோவியத் யூதர்களும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களும் அகதிகளாக வருவதை எளிதாக்கியது. அப்படி வந்தவர்களுக்கு கிரீன் கார்டு, அப்புறம் குடியுரிமை என்று வழி இருந்தது. 2022 போருக்குப் பின் உக்ரைனியர்களுக்கென வந்த திட்டத்திலோ இரண்டு ஆண்டு ‘பரோல்’, அதாவது தற்காலிகமாகத் தங்கும் அனுமதி மட்டுமே. அதற்கும் அமெரிக்காவில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் அந்தத் திட்டத்தையும் நிறுத்திவைத்தார்கள். சரி, தேவாலயமும் தாய்மொழி பேசும் அக்கம்பக்கமும் இருக்கட்டும். அடுத்த வருடம் இங்கே இருப்போமா என்று தெரியாதவர் எதை நம்பி வீடு வாங்குவார், தொழில் தொடங்குவார்? அதைப் பற்றியும் எழுதுங்கள்.

வாசகர், திருச்சி