கொடையா, கடனா: கார்னகிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆண்ட்ரூ கார்னகி அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உருக்காலை அதிபரான நீங்கள் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் பெரும்பணக்காரர் எவரையாவது குறை சொன்னால் உடனே உங்கள் பெயரைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். சேர்த்ததில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டாரே, 2,509 நூலகங்களுக்குப் பணம் தந்தாரே, அவரையுமா குற்றம் சொல்வாய் என்கிறார்கள். சொல்லத்தான் போகிறேன். நூலகங்களால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. விளைவை மட்டும் பார்த்தால் நீங்கள் சுலபமாகத் தேறிவிடுவீர்கள்.

ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்டிடம் போனால் கதை வேறு. கடமையை அடிப்படையாகக் கொண்ட அவருடைய அறவியல், எவ்வளவு சேர்த்தாய் என்று கேட்பதில்லை. எந்த விதிப்படி நடந்தாய், அதை எல்லோருக்கும் பொதுவாக்கச் சம்மதிப்பாயா என்றே கேட்கிறது. தவறு செய்கிறவன் விதியே வேண்டாம் என்பதில்லை, ஊருக்கெல்லாம் விதி இருக்கட்டும், எனக்கு மட்டும் இந்த ஒரு முறை விலக்கு என்கிறான். 1785ல் காண்ட் எழுதியதன் சாரம் இது.

1886ல் நீங்கள் எழுதிய கட்டுரை நினைவிருக்கிறதா? நல்ல தொழிலாளர்களிடையே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு, அயலானின் வேலையைப் பறிக்காதே என்பது அது என்றீர்கள். ஒரு முதலாளி அப்படி எழுதுவது அன்று சாதாரணமில்லை. ஆறே ஆண்டுகளில், 1892 ஜூலை 6 அன்று, உங்கள் உருக்காலை இருந்த பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட்டில் என்ன நடந்தது? உங்கள் கூட்டாளி ஹென்றி ஃப்ரிக் தொழிலாளரை வெளியே நிறுத்தி ஆலையைக் கதவடைத்திருந்தார். பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுமார் 300 பேர் ஆற்றுவழியே வந்து இறங்க முயன்றார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பிறகு மாநிலப் படையின் காவலில் கருங்காலிகளைக் கொண்டு ஆலை ஓடியது. நீங்கள் அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தீர்கள். ஆனால் தொழிற்சங்கத்தை ஆலையிலிருந்து விலக்கும் அறிவிப்புக்கு ஏப்ரலிலேயே வரைவு எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தான்.

விலக்கு கேட்பது உங்களுக்குப் பழக்கம்தான். பணத்தைத் தொழுவதைவிட இழிவான வழிபாடு இல்லை, இரண்டே ஆண்டுகளில் தொழிலை விட்டுவிடுவேன் என்று 1868ல் உங்களுக்கு நீங்களே குறிப்பு எழுதிக்கொண்டீர்கள். விட்டது 1901ல்!

1889ல் நீங்கள் சொன்ன நியாயம்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. முதலாளியிடம் சேரும் பணத்தைச் சிறுசிறு தொகையாகத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுப்பதைவிட, ஒருவரிடம் திரண்டு அவர் பொதுக் காரியத்துக்குச் செலவிடுவதே அவர்களுக்கும் நல்லது என்றீர்கள். பன்னிரண்டு மணி நேரம் உலையருகே நிற்கிறவனுக்குத் தன் கூலியை எதற்குச் செலவிடுவது என்று தெரியாதா? பெண்டாட்டிக்குச் சேலை வாங்குவானோ, சாராயம் குடிப்பானோ, அது அவன் பாடு. அவனுக்குப் பதிலாக நீங்கள் முடிவெடுத்தால் அவன் உங்கள் நற்பெயருக்கு ஒரு கருவி, அவ்வளவுதான்.

காண்ட் 1797ல் இன்னும் கடுமையாகக் கேட்கிறார். கொடுக்கும் வசதி சிலருக்கு வாய்ப்பதே பெரும்பாலும் அரசின் அநீதி அவர்களுக்குச் சலுகை காட்டியதால்தான். அப்படியிருக்க, பணக்காரன் பெருமையோடு செய்யும் உதவிக்குக் கொடை என்ற பெயர் தகுமா? வெளிநாட்டுத் தண்டவாளங்கள்மீது உங்களுக்காக விதிக்கப்பட்ட சுங்கவரியையும், ஆலை வாசலில் நின்ற படையையும் நினைத்துப் பாருங்கள்.

கொடையல்ல, கடன் என்றால், யாரிடம் வாங்கினோமோ அவரிடமே திருப்பித் தர வேண்டும். 1898ல் ஹோம்ஸ்டெட்டுக்கும் நூலகம் கட்டித் தந்தீர்கள். நீச்சல் குளம், இசையரங்கு எல்லாம் உண்டு. ஷிப்ட் அப்போதும் பன்னிரண்டு மணி நேரம். கறுப்புப் பட்டியலில் ஏறி ஊரைவிட்டே போனவர்களுக்கு அந்த நூலகத்தால் என்ன பயன்?

ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் எழுதுகிறேன். 1901ல் நிறுவனத்தை விற்றதும், காயமடைந்த, முதுமையடைந்த தொழிலாளருக்காக 40 லட்சம் டாலர் ஒதுக்கினீர்கள். அவர்களுக்குத் தாம் பட்ட கடனின் அடையாளம் அது என்று நீங்களே சொன்னீர்கள். நிறுவனம் விலைபோனது 48 கோடி டாலருக்கு.

இப்படிக்கு,
உங்கள் கணக்கை இன்னும் மூடாத ஒருவன்