அந்த நீல நாற்காலி எங்களிடம்தான் இருக்கிறது

மலையில் காணாமல் போன தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். காலில் கட்டு, மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறான், திட்டினால் சிரிக்கிறான். விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நார்த் ஷோர் ரெஸ்க்யூ குழுவுக்கு. 1965 முதல் கனடாவின் வான்கூவர் மலைகளில் ஆட்களைத் தேடி மீட்பவர்கள், தன்னார்வலர்கள், ஒரு காசு வாங்குவதில்லை. கட்டணம் என்று வைத்தால் ஜனங்கள் பயந்து தாமதமாகக் கூப்பிடுவார்கள், அது உயிருக்கே ஆபத்து என்பது அவர்கள் கணக்கு. கிரௌஸ் மலைக்குக் கேபிள் காரிலேயே போய்விடலாம், பனிச்சறுக்குத் தளம், சாப்பாட்டுக் கடை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அங்கிருந்து தம்பி போயிருந்த கிரௌன் சிகரத்துக்குப் போக, கிரௌன் பாஸ் என்ற கணவாய் வரை செங்குத்தாக இறங்கி மறுபடி ஏற வேண்டும், திரும்பும்போதும் அதே கதை. யாரென்றே தெரியாத ஒருவனுக்காக இருட்டில் அந்தப் பாறையில் நடந்தவர்களுக்கு நான் என்ன சொல்ல!

அப்புறம், அடிவாரக் கார் நிறுத்தத்தில் பார்த்த அந்தப் பெண்மணி. எழுபது வயது இருக்கும், கிரௌஸ் கிரைண்ட் என்கிற செங்குத்து மலைப்பாதையின் படிகளை ஏறிவிட்டுக் கேபிள் காரில் இறங்கி வந்தவர். நான் போலீஸோடு போனில் இருந்தேன், அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்மணி ஒன்றும் கேட்கவில்லை, தன் காரிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து வந்து அம்மாவை உட்கார வைத்தார். காபி வேண்டாம் என்று அம்மா தலையாட்டியதும் எங்கேயோ போய் வெந்நீர் வாங்கி வந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் எப்படி வரும்? ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா பதறி எழுந்துவிடுவார். அந்தப் பெண்மணி வானத்தைப் பார்த்துவிட்டு, மேலே போகிறது என்றால் விரலை உயர்த்துவார், நமக்கானது இல்லை என்றால் கையை மட்டும் அசைப்பார். இப்படியே நள்ளிரவு வரை. எனக்கே அந்த விரலைப் பார்த்துத்தான் மூச்சு வந்தது. தம்பியைக் கண்டுபிடித்த செய்தி வந்த களேபரத்தில் அவர் எப்போது கிளம்பினார் என்று யாரும் கவனிக்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை.

போலீஸ்காரர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், கேட்காமலே சோறு கொண்டு வந்த பக்கத்து வீட்டார், ராத்திரி முழுக்கப் போன் செய்த உறவுகள், எல்லோருக்கும் சேர்த்து நன்றி. மாதாமாதம் மீட்புக் குழுவுக்கு ஒரு தொகை அனுப்பப் போகிறோம். தம்பியின் சம்பளத்திலிருந்துதான்!

நாற்காலியை அம்மா துடைத்து வைத்திருக்கிறார். கிரைண்ட் ஏறப் போகிறவர்கள் யாராவது அந்தப் பெண்மணியைப் பார்த்தால் சொல்லுங்கள், ஞாயிறு காலை அதே கார் நிறுத்தத்தில் நாற்காலியோடும் இட்லியோடும் இருப்போம்.