வெட்டிய செடியை எங்கே போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்ணிலுள்ள நச்சு உலோகங்களை உறிஞ்சியெடுக்க மரபணு மாற்றிய செடிகளை வளர்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். தோட்டப் பாடசாலையில் முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் இப்படியான செய்திகளில் எனக்கு ஆசை அதிகம். ஒரு கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை. செடி உறிஞ்சிவிட்டது, சரி. அந்தச் செடியை யார், எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

உலோகம் மக்கி அழியாது. மண்ணில் இருந்தது இலைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். தேயிலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஏனென்றால் தேயிலையே அந்த இனந்தான். நமது அமில மண்ணிலிருந்து அலுமினியத்தை இழுத்து முற்றல் இலையில் சேர்த்துவைக்கிறது. கொழுந்தில் இருப்பதைவிட அதில் பல மடங்கு அதிகம். கவ்வாத்து வெட்டும்போது அந்த இலையும் வாதும் அதே மலையில், அதே தூரடியில் விழுகின்றன. செடி பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் திரும்பவும் மண்ணுக்கே போகிறது.

1996இல் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மீகர் குழுவினர், பாதரசத்தைத் தாங்கும் பற்றீரியாவின் மரபணுவைக் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்றில் ஏற்றிக் காட்டினார்கள். அமெரிக்காவின் டான்பரி நகரில், தொப்பித் தொழிற்சாலை இருந்த நிலத்தில் 2003இல் இவ்வாறு மாற்றிய மரங்களையும் நட்டுப் பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செடி பாதரசத்தை ஆவியாக்கிக் காற்றில் விடுகிறது. நம் வாசலைக் கூட்டி அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மரபணுவைத் தொடாமலே இந்த வேலையைச் செய்யும் செடிகளும் உண்டு. ஆசனிக் என்ற நஞ்சை ஓலையில் குவிக்கும் பன்னச் செடி ஒன்றைப் பற்றிய ஆய்வு 2001இல் புளோரிடாவிலிருந்து வெளிவந்தது. பழைய சுவர் இடுக்குகளில் முளைக்கும் இனம் அது. என் மனைவியிடம் சொன்னேன். "அதை ஆடு தின்றால்?" என்று கேட்டார். கட்டுரையாளருக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது!

எங்கள் பக்கத்தில் வடிகானோரம் பச்சையாக எது நின்றாலும் விடிவதற்குள் யாராவது மாட்டுக்கு அறுத்துப் போய்விடுவார்கள். அபாயப் பலகை நட்டால் மறுமாதம் பலகையும் விறகாகிவிடும். உலோகம் ஏறிய செடியை நாமே அறுத்து எரித்துச் சாம்பலைப் பத்திரமாகப் புதைக்கலாம். நிக்கலாக இருந்தால் சாம்பலிலிருந்து உலோகத்தையே மீட்கலாம். அதற்கு ஒரு கட்டுக்கூடத் தவறாமல் எண்ணி லொறியில் ஏற்றும் ஒழுங்கு வேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்துக் குப்பையைக்கூடக் கிரமமாக அள்ள முடியாத இடத்தில் அதை யார் செய்வார்கள்?

மண்ணில் சேர்ந்ததை எடுப்பதைவிடச் சேராமல் பார்ப்பது மேல். பொஸ்பேட் உரத்தில் கட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருக்கலாம். மூலப் பாறையிலிருந்தே அது வருகிறது. எங்கள் வீட்டுக்குக் கீழே லீக்ஸ் பாத்திகள் இருக்கின்றன. காலையில் எறிந்த உரக்குருணி மாலை மழையில் சாம்பல் நிறமாகக் கானில் இறங்கி, நானுஓயா வழியாக மகாவலிப் பக்கம் போவதை நின்று பார்த்திருக்கிறேன். 2021இல் இலங்கை அரசு செய்ததைப் போல இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கூத்தில் பட்டது போதும். நைதரசன் எத்தனை வீதம் என்று மூட்டையில் அச்சிடுகிறவர்கள், கட்மியம் எவ்வளவு என்றும் ஒரு வரி சேர்க்கட்டும்.

கட்டுரையாளர் அறுவடைக்குப் பிந்திய கதையையும் எழுதினால் அதையும் இரண்டு தடவை வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
நானுஓயா.